ஜோட் குடும்பத்தின் கதை: நாவலின் முடிவா, படத்தின் முடிவா?

உப்புவெளி வாசகி எழுதியது:

வணக்கம். உப்புவெளியில் ஒரு வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஆறேழு பேர் கூடி வாசிக்கிறோம். மூன்று மாதமாக ஜோன் ஸ்டைன்பெக்கின் 'த கிரேப்ஸ் ஒஃப் ராத்' போய்க்கொண்டிருந்தது. ஆளுக்கொரு அத்தியாயம் வாசித்து வந்து மற்றவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும், அதுதான் ஏற்பாடு. ஒக்லஹோமாவில் காணியை இழந்து, வேலை தேடிக் கலிபோர்னியாவுக்குப் போகும் ஜோட் குடும்பத்தின் கதை. நாவல் 1939இல் வந்தது. அடுத்த வருடமே ஜோன் ஃபோர்ட் அதைப் படமாக எடுத்துவிட்டார். போன கிழமை அந்தப் படத்தையும் பார்த்தோம்.

அன்றைக்கு அம்மம்மாவும் என்னோடு வந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, நானும் இடையில் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டை விட்டுப் புறப்படுகிற நேரத்தில் அந்தத் தாய் தனியாக இருந்து ஒரு பெட்டியைத் திறந்து, பழைய கடதாசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து நெருப்பில் போடுவார், பிறகு ஒரு சோடித் தோட்டை எடுத்துக் காதருகே பிடித்துக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பார். ஒரு சொல் பேச்சில்லை. அம்மம்மா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 1990இல் நாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்ட கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், ஆனால் அப்போது எதை எடுத்தார், எதை விட்டார் என்று வீட்டுக்கு வரும் வழியில்தான் முதன்முதலாகச் சொன்னார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நாவலின் முடிவு உங்களுக்குத் தெரியும். வெள்ளம், ஜோட் குடும்பத்து மகளுக்குப் பிள்ளை செத்துப் பிறக்கிறது, பிள்ளையை இழந்த அந்தப் பெண் ஒரு கொட்டிலில் பட்டினியால் சாகக் கிடக்கும் முன்பின் தெரியாத ஆளுக்குத் தன் பாலைக் கொடுக்கிறாள். படத்தில் இது எதுவுமே இல்லை. லொறியில் போகும்போது தாய், எங்களை யாராலும் அழிக்க முடியாது, நாங்கள்தான் மக்கள் என்று பேசுகிறார், முடிந்தது. எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். படம் நாவலை ஏமாற்றிவிட்டது என்று பாதிப் பேர், அந்த நம்பிக்கைதான் எங்களுக்கு வேண்டும் என்று மீதிப் பேர். எது நேர்மையான முடிவு? இன்னொன்றும் கேட்கிறேன், 1930களின் அமெரிக்க விவசாயி ஒருவனின் கதை திருகோணமலையில் இருக்கிற எங்களுக்கு ஏன் இப்படி நெஞ்சில் வந்து நிற்கிறது?

---

சம்பூர்க்காரன் எழுதியது:

அக்கா, படத்தை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், நாவலை ஒரு தடவை, அதுவும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு. என் கோபம் கடைசிப் பேச்சில் இல்லை. படம் முகாமைத் தூக்கி இடம் மாற்றி வைத்ததில்தான் கோபம்.

நாவலில், வேலை தேடி வந்தவர்களுக்கு அரசாங்கம் நடத்தும் அந்த முகாம் நடுவில் வருகிறது. தண்ணீர் இருக்கிறது, கழிவறை இருக்கிறது, மக்களே தெரிவு செய்த குழு இருக்கிறது, சனிக்கிழமை ஆட்டம் பாட்டுக்கூட இருக்கிறது. எல்லாம் இருந்தும் வேலை இல்லை, சாப்பாட்டுக்கு வழி இல்லை, அதனால் அதை விட்டுப் போகிறார்கள். பீச் பழத் தோட்டத்துக்குப் போன பிறகுதான் அவர்களோடு வந்த முன்னாள் போதகர் கேசியை அடித்துக் கொல்கிறார்கள், பிறகு பருத்தி, பிறகு வெள்ளம். படத்தில் தோட்டம் முதலில் வந்துவிடும், முகாம் கடைசியில். அதே காட்சிகள்தான், வரிசை மட்டும் வேறு. ஆனால் நாவலை வாசித்தால் நிலைமை கீழே கீழே போவது தெரியும், படத்தைப் பார்த்தால் மேலே வருவது மாதிரி இருக்கும். முகாம் போய்ச் சேருகிற இடம் இல்லை அக்கா. எங்கள் ஆட்கள் 2006 ஏப்ரலில் ஓடினார்கள், வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து கிளிவெட்டி முகாமுக்கு வந்தோம், ஊருக்குத் திரும்ப 2015 தாண்டிவிட்டது. நான் முகாமுக்குள் போகும்போது நாலாம் வகுப்பு, வெளியே வரும்போது மீசை. அங்கேயும் நல்ல மனிதர்கள் இருந்தார்கள், குழு இருந்தது, திருவிழாவும் செய்தோம். அதுதான் கதையின் முடிவு என்று ஒருவர் படம் எடுத்தால் என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியாது.

ஆனால் தாத்தாவின் சாவை ஃபோர்ட் எடுத்த விதத்துக்கு நான் கும்பிடு போடுவேன். இது என் மண், இதால் ஒரு பிரயோசனமும் இல்லை, ஆனாலும் என்னுடையது என்று ஒரு பிடி மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறார். மருந்து கொடுத்து மயக்கி லொறியில் ஏற்றுகிறார்கள், வழியிலேயே போய்விடுகிறார். யாரோ கொன்று புதைத்தார்கள் என்று பிறகு யாரும் நினைக்கக் கூடாதென்று ஒரு துண்டு எழுதி உடலோடு வைத்துப் புதைக்கிறார்கள். எங்கள் அப்பப்பா வாகரையில் போனார். துண்டு எழுதி வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

---

கோட்டை வீதி எழுதியது:

பிள்ளைகளே, இரண்டு பதிவையும் வாசித்தேன். நான் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியன், இந்த நாவலைப் பல வருடம் ஆசையோடு படிப்பித்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

முதலில் படத்தின் பக்கம் நின்று ஒரு வார்த்தை. 1940இல் ஹொலிவூட்டில் தணிக்கை விதிகள் இருந்த இருப்பில் அந்தப் பால் கொடுக்கும் காட்சியை எந்த ஸ்டூடியோவும் எடுத்திருக்க முடியாது. நாவலே கலிபோர்னியாவின் கேர்ன் மாவட்டத்தில் நூலகங்களில் தடை செய்யப்பட்டிருந்தது, அதுவும் கதையில் ஜோட் குடும்பம் போய்ச் சேர்கிற அதே மாவட்டத்தில். தயாரிப்பாளர் டரில் ஸனக் ஒரு பெரிய ஸ்டூடியோவின் தலைவர், முதலாளி வர்க்கத்து ஆள். அப்படியான ஒருவர் நாவல் வந்து ஒரு வருடம் ஆவதற்குள் இந்தக் கதையைத் திரைக்குக் கொண்டுவந்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயம். மகன் டொம் இருட்டில் தாயிடம் விடைபெற்றுப் போவதோடு படம் முடிந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் லொறியில் அந்தத் தாய் பேசுவது ஹொலிவூட் கண்டுபிடித்த வசனம் என்று நினைக்க வேண்டாம். நாவலின் 20ஆம் அத்தியாயத்தில் மகனின் கோபத்தை அடக்கத் தாய் சொல்வதுதான் அது. அங்கே அது ஓர் இரவைக் கடத்துவதற்கான ஆறுதல், படத்தில் அதுவே முடிவுரை ஆகிவிட்டது. தம்பி வரிசையைப் பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

எது எங்களைத் தொடுகிறது என்று கேட்டீர்கள். எனக்கு ஜோட் குடும்பத்தின் அயலவன் மியூலி வருகிற காட்சிதான். காணியை விட்டுப் போ என்று காரில் வந்து சொல்கிறவன், நான் சொல்லவில்லை, கம்பனி சொல்கிறது என்கிறான். கம்பனி யார் என்றால் வங்கியைக் கை காட்டுகிறான், வங்கியில் இருக்கிறவனுக்கும் மேலே இருந்து உத்தரவு வருகிறதாம். அப்படியென்றால் நாங்கள் யாரைச் சுடுவது என்று கேட்கிறார்கள், பதில் இல்லை. வீட்டை இடிக்க ட்ரக்டரில் வருகிறவனும் பக்கத்து வீட்டுப் பெடியன், நாளுக்கு மூன்று டொலர் கூலி, அவனுக்கும் பெண்சாதி பிள்ளை. 2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோது எனக்கு இந்தக் காட்சிதான் ஞாபகம் வந்தது. பம்ப் அருகே நின்ற பெடியனை எல்லோரும் ஏசினார்கள், அவன் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. முகம் இல்லாத ஒன்று வந்து அடிக்கும்போது கைக்கு எட்டுகிற முகத்தில்தான் எங்கள் கோபம் விழுகிறது. ஒக்லஹோமாவிலும் அதுதான் நடந்தது, இங்கேயும் அதுதான்.

நேரம் இருந்தால் அவருடைய 'ஒஃப் மைஸ் அன்ட் மென்' குறுநாவலையும் எடுங்கள், 1937இல் வந்தது, இரண்டு சனிக்கிழமையில் முடித்துவிடலாம். அதற்கு 1939இல் லூயிஸ் மைல்ஸ்டோனின் படம் இருக்கிறது, 1992இல் கேரி சினீஸ் எடுத்ததும் இருக்கிறது. ஒரு கை இல்லாத கிழவர் கேண்டி, தன் கிழட்டு நாயை இன்னொருவன் சுட்ட அன்றிரவே, காணி வாங்கக் கனவு காணும் இரண்டு கூலியாட்களிடம், சேர்த்து வைத்த காசைத் தருகிறேன், உங்கள் காணியில் எனக்கும் ஓர் இடம் தாருங்கள் என்று கெஞ்சுகிறார். உழைக்க முடியாமல் போன பிறகு எனக்கு என்ன நடக்கும் என்ற பயம் அது. ஓய்வு பெற்ற பிறகு வாசித்தபோதுதான் எனக்கு அந்தப் பக்கம் விளங்கியது, படிப்பித்த காலத்தில் அதை வேகமாகக் கடந்து போயிருக்கிறேன்.

---

தேயிலைச்செடி எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் உலகப் பொதுவானது என்று இவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் வீட்டார் மலையகத்திலிருந்து வந்து கன்னியாப் பக்கம் குடியேறியவர்கள், அந்த இடத்திலிருந்து பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது.

ஜோட் குடும்பம் வருவதற்கு முன்பே கலிபோர்னியாத் தோட்டங்களில் மெக்சிக்கோக்காரரும் பிலிப்பைன்ஸ்காரரும் ஜப்பானியரும் பழம் பறித்தார்கள். ஸ்டைன்பெக்குக்கு இது தெரியும், கதைக்கு இடையில் வரும் ஓர் அத்தியாயத்தில் சொல்லியும் இருக்கிறார். ஆனால் அவர்களில் ஒருவருக்குக்கூடப் பெயர் கொடுத்து, வீடு கொடுத்து, பேச்சுக் கொடுத்துக் கதைக்குள் கொண்டு வரவில்லை. படத்தில் கேட்கவே வேண்டாம். அந்த நாட்டின் வாசகர்கள் தங்கள் ஆட்கள் என்று உடனே அடையாளம் காணக்கூடிய ஒரு குடும்பத்துக்கு நடந்ததால்தான் இது எல்லோருடைய கதையும் ஆனது. மற்றவர்களுக்கு நடந்தபோது அது செய்தியாகக்கூட ஆகவில்லை.

அதே வருடங்களில் இங்கே என்ன நடந்தது? தேயிலை, ரப்பர் விலை விழுந்தது, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்தார்கள், ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1934, 35இல் வரட்சியும் மலேரியாவும் சேர்ந்து வந்து நாட்டில் ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள். இதை வைத்து எங்களுக்கு ஒரு பெரிய நாவல் இருக்கிறதா, படம் இருக்கிறதா? நான் திரும்பத் திரும்பப் போவது புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' கதைக்குத்தான், மணிக்கொடி இதழில் 1935இல் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்து மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து படுகிற பாடு. ஸ்டைன்பெக்குக்கு நான்கு வருடம் முந்தி, அதே ஏமாற்று, வேலை இருக்கிறது வா என்ற அதே வார்த்தை. ஜோட் குடும்பத்துக்கு ஒரு துண்டுப் பிரசுரம் கிடைத்தது, எங்கள் ஆட்களுக்குக் கங்காணி வந்தான். மருதியை யாரும் ஒஸ்காருக்குக் கொண்டு போகவில்லை.

ஸ்டைன்பெக்கைக் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பாண் வாங்கும் இடத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்திருக்கிறேன், சாப்பாட்டுக் கடைப் பெண் 15 சதப் பாணைப் பத்துச் சதத்துக்குக் கொடுக்கிறாள், பிறகு பிள்ளைகள் மிட்டாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒன்று ஐந்து சதம் விற்கிற மிட்டாயை ஒரு சதத்துக்கு இரண்டு என்று பொய் சொல்லிக் கொடுக்கிறாள். தகப்பனுக்கு வெட்கம் வராமல் கொடுக்கத் தெரிந்த பெண். படத்திலும் இது அப்படியே இருக்கிறது, அழகாக இருக்கிறது. உங்கள் வாசிப்பில் மருதிக்கும் ஒரு சனிக்கிழமை கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

---

சம்பூர்க்காரன் எழுதியது:

தேயிலைச்செடி அக்கா, உங்கள் கேள்வி எனக்கு உறைத்தது. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் மறுக்கிறேன். மியூலி மண்ணில் குந்தியிருந்து சொல்வான், இதில் பிறந்ததும் உழைத்ததும் செத்ததும்தான் இதை எங்களுடையதாக்கியது, எழுத்துப் போட்ட கடதாசி இல்லை என்று. எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் உறுதி இல்லாமல், அனுமதிப்பத்திரம் தொலைந்து, இது எங்கள் காணி என்று கிணற்றையும் புளியமரத்தையும் காட்டிக்கொண்டு நின்றார்கள். மலையகத்தில் லயத்தில் நான்கு தலைமுறை இருந்தும் ஒரு முழம் நிலம் சொந்தமில்லாதவர்களுக்கும் அதே வசனம்தானே? மியூலியை எழுதியவர் உங்களை நினைத்திருக்கமாட்டார். அந்த வசனத்தை எடுத்துக்கொள்ள நீங்கள் அவரிடம் கேட்கத் தேவையில்லை.

---

உப்புவெளி வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சேர், 20ஆம் அத்தியாயத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன், நீங்கள் சொன்னது சரி, நாங்கள் வாக்குவாதப்பட்ட நேரம் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. தேயிலைச்செடி அக்கா, வருகிற சனிக்கிழமை 'துன்பக்கேணி'தான், நீங்களும் வர வேண்டும், கன்னியாவிலிருந்து பஸ் இருக்கிறது, திரும்பிப் போக நாங்கள் ஒழுங்கு செய்வோம். அதற்கடுத்த கிழமை நாவலின் கடைசி அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, படத்தின் கடைசி இருபது நிமிடத்தை மட்டும் திரும்பப் போடலாம் என்று இருக்கிறோம். தம்பி, முகாம் பற்றி நீ எழுதியதை அன்றைக்கு வாசிக்க உன் அனுமதி வேண்டும்.

அம்மம்மா இரண்டு நாளாக ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தோட்டை அவள் என்ன செய்தாள், அதையும் நெருப்பில் போட்டாளா? படத்தை வைத்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நேற்று இரவு நாவலின் 10ஆம் அத்தியாயத்தைத் தேடி எடுத்து வரிவரியாகச் சொன்னேன். கடிதங்களையும் படங்களையும் பெட்டியோடு அடுப்புத் தணலில் வைக்கிறாள், அதற்கு முதலே தோட்டையும் மோதிரத்தையும் தனியாக எடுத்து ஓர் உறையில் போட்டுத் தன் சட்டைப் பைக்குள் வைத்துவிடுகிறாள்.

"வழியில் விற்கலாம் என்று எடுத்திருப்பாள்" என்றார் அம்மம்மா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் அப்படித்தான் எடுத்தனான், கடைசி மட்டும் விற்கேல்லை" என்றார்.