உதட்டைச் சுற்றி வந்த குறுகுறுப்பு

தைராய்டு சுரப்பியை முழுதாக எடுத்த மறுநாள் காலை, பல் தேய்க்கும்போது உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தது. மயக்க மருந்தின் மிச்சம் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. மதியத்துக்குள் அது விரல் நுனிக்கும் வந்துவிட்டது. ரத்த அழுத்தம் பார்க்க நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு தானாக மடங்கியது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போனது, மற்ற விரல்கள் விறைத்துக் குவிந்து நின்றன. விரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. பட்டையைக் கழற்றியதும்தான் மெல்ல விட்டது. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

ரத்தத்தில் கால்சியம் 6.9. குறைந்தது 8.5 இருக்க வேண்டுமாம். இதயத்துடிப்பை மானிட்டரில் பார்த்துக்கொண்டே கால்சியம் குளுக்கோனேட் மருந்தை ரத்தக்குழாய் வழியாக மெதுவாக ஏற்றினார்கள். தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன, கால்சியத்தைக் காப்பது அவைதான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆபரேஷனில் அவற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்தால் சில வாரம் வேலை செய்யாது. சிலருக்கு நிரந்தரமாகவே போய்விடும். எனக்கு மெக்னீசியமும் குறைவு. அதைச் சரிசெய்யாமல் கால்சியம் மட்டும் கொடுத்தால் நிற்காது என்றார்கள்.

வீட்டுக்கு வந்து தைராக்சினையும் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) கால்சியம் மாத்திரையையும் காலையில் சேர்த்தே போட்டேன். ஆறு வாரத்தில் டிஎஸ்ஹெச் ஏறிவிட்டது, அதாவது உடலுக்குத் தைராய்டு ஹார்மோன் போதவில்லை! கால்சியம் தைராக்சினை உடலில் சரியாகச் சேரவிடாதாம். இரண்டுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள், தோழிகளே. குறுகுறுப்பு வந்தால் அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள்.

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். உங்களுக்குக் கால்சியம் குறைந்தது போல, எங்கள் வீட்டில் சோடியம். அம்மா தைராய்டு மாத்திரையைப் பல மாதம் நிறுத்தியிருந்தார், எங்களுக்குத் தெரியாது. முகம் ஊதி, எந்நேரமும் தூக்கம். வயசாகிறது என்றே நினைத்தோம். ஒருநாள் என்னையே யார் என்று கேட்டார். 135க்கு மேல் இருக்க வேண்டிய சோடியம் 117. உப்பு போதவில்லை என்று நாங்களாகவே முடிவு கட்டினோம். அது அப்படி இல்லை. தைராய்டு மிகவும் குறைந்துபோனால் சிறுநீரகத்தால் தண்ணீரைச் சரியாக வெளியேற்ற முடியாது. தேங்கிய நீரில் சோடியம் நீர்த்துப்போகும். தண்ணீரை அளந்துதான் கொடுத்தார்கள். கார்டிசால் என்ற அட்ரினல் சுரப்பி ஹார்மோனின் அளவைப் பார்த்த பிறகே தைராக்சினை ஆரம்பித்தார்கள். சோடியத்தை அவசரமாக ஏற்றினால் மூளை பாதிக்கும் என்பதால் நாளுக்குச் சில புள்ளிகள்தான். மூன்றாம் நாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அழுதுவிட்டேன்.

உங்கள் இருவர் பதிவையும் படித்தேன். எனக்கும் தைராய்டு குறைவு, ஆனால் கெண்டைக்கால் பிடிப்பு மட்டும்தான். பொட்டாசியம் குறைவு என்று நானே நினைத்து மாத்திரை வாங்கப் போனேன். டாக்டர் தடுத்து முதலில் ரத்தம் பார்க்கச் சொன்னார். எல்லா உப்பும் சரியாக இருந்தன. தைராய்டு குறைந்தாலே தசை பிடிக்குமாம். தைராக்சின் அளவைக் கூட்டினார், இரண்டு மாதத்தில் பிடிப்பு போய்விட்டது. இப்போது இரவு முழுக்கத் தூங்குகிறேன்.