மாடியில தண்ணி நிக்குது (நம்ம குடும்பம் குரூப்)

செல்வி அக்கா: மழை விட்டு மூணு நாள் ஆச்சு, மொட்டை மாடில இன்னும் தண்ணி நிக்குது. ரெண்டு வருஷம் முன்னாடிதான் வாட்டர்ப்ரூஃபிங் அடிச்சோம், கீழ் ரூம் சீலிங்ல மறுபடியும் ஓதம். இன்னொரு கோட் அடிச்சிரலாமான்னு இவர் கேக்குறார். கதிர் நீ என்னடா சொல்ற

கதிர்: கோட் வேண்டாம்க்கா. 48 மணி நேரத்துக்கு மேல தண்ணி நின்னா அது வாட்டக் கோளாறு, அதாவது தண்ணி ஓடுற சரிவு சரியில்ல. எத்தன கோட் அடிச்சாலும் ஊறிக்கிட்டேதான் கிடக்கும். டிரெயின் வாய் அடைச்சிருக்கா பாத்தீங்களா

செல்வி அக்கா: காலைலயே சருகெல்லாம் அள்ளிட்டேன். டிரெயின் வாய் காஞ்சு கிடக்கு, தண்ணி நடுவுலதான். ஸ்கேல் வச்சா முக்கால் இஞ்ச், ஓரம் பூரா பச்சையா பாசி

கதிர்: அப்ப சரியாப் போச்சு. ஸ்லாப் நடுவுல லேசா தொய்யும், டிரெயின் இருக்குற சுவரோரம் தொய்யாது, அதனால தண்ணி போக வேண்டிய இடமே மேடாயிருது

மணி மாமா: சிமென்ட் கலவை போட்டு வாட்டம் எடுத்தா முடிஞ்சது. இதுக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு

கதிர்: மாமா பாரம் இருக்கே. அடிக்கு கால் இஞ்ச் வாட்டம்னா 20 அடிக்கு 5 இஞ்ச். 20க்கு 20 மாடிக்கு அந்தக் கலவையே 5 டன்னுக்கு மேல வரும், ஏற்கனவே தொய்ஞ்ச ஸ்லாப் மேல அத ஏத்தலாமா. அதே வாட்டத்த சரிவா வெட்டின இன்சுலேஷன் போர்டுல எடுத்தா நூறு கிலோ கூட வராது

மணி மாமா: தெர்மோகோலா?! கால் வச்சா அமுங்கிராது?

கதிர்: பேக்கிங்ல வர்ற ரகம் இல்ல மாமா, அழுத்தம் தாங்குற கெட்டி போர்டு. அதுக்கு மேல வாட்டர்ப்ரூஃப் ஷீட், நடக்குற மாடின்னா அதுக்கும் மேல டைல்ஸ். ஷீட் போர்டுக்கு மேலதான் வரணும், அடில போட்டா தண்ணி மறுபடி பழைய பள்ளத்துலயே போய் நிக்கும்

சித்தி: மாடி ரூம் சூடு குறையுமாப்பா

கதிர்: குறையும் சித்தி. அதனாலதான் டிரெயின்கிட்டயும் போர்ட ஒரேயடியா சீவாம 1 இஞ்ச் கனமாவது விடச் சொல்றேன், இல்லன்னா அந்த மூலை மட்டும் சூடாவே இருக்கும். அக்கா, மாடி வாசப்படி எவ்ளோ உயரம்? அது டிரெயினுக்கு எதிர்ப்பக்கம்தானே

செல்வி அக்கா: ஆமா. 4 இஞ்ச்

கதிர்: அங்கதான் சிக்கல். அந்தப் பக்கம் 1 கூட 5, ஆறு இஞ்ச் வந்துரும், படி முங்கி மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வரும். வாசல் பக்க மூலைல இன்னொரு டிரெயின் போட்டா சரிவு ரெண்டு பக்கமும் 10 அடிதான், மேடு நடுவுல 3½ இஞ்சோட நின்னுரும், வாசல்கிட்ட 1 இஞ்ச்தான். போர்டு ஒட்டுறதுக்கு முன்னாடி ஸ்லாப் நல்லா காயணும், ஈரத்த உள்ள வச்சு மூடினா வெயில்ல ஷீட் கொப்பளம் விடும். தண்ணி நிக்கிற ஓரத்த சாக்பீஸால வரைஞ்சு போட்டோ அனுப்புங்க

செல்வி அக்கா: வரைஞ்சிட்டேன். டேங்க் மேடைக்குப் பின்னாடி இன்னொரு குட்டி வட்டமும் வருதுடா, இத்தன நாள் கவனிக்கவே இல்ல

கதிர்: அங்க முக்கோணமா ஒரு மேடு வெட்டி வைக்கணும்க்கா, தண்ணி மேடைல முட்டாம ரெண்டு பக்கமும் பிரிஞ்சு ஓடிரும். ஞாயித்துக்கிழமை மட்டம் பாக்குற டியூப் லெவலோட வர்றேன்