தேறாத அணிக்கு டிராஃப்டில் முதலில் யார்?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்-இல் தொடர்ந்து தோற்கும் அணி. டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வில்) முதல் ஐந்துக்குள் தேர்வு இருக்கிறது. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்கும் தடுமாறுகிறார், அவரைக் காக்கும் அஃபென்சிவ் லைனும் ஓட்டை. எதை முதலில் சரிசெய்வது?

பதில் 1: ஆட்டப் பதிவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஸ்னாப் ஆன (பந்து குவாட்டர்பேக்கிடம் தரப்பட்ட) இரண்டரை விநாடிக்குள் லைன் உடைந்தால் தவறு லைனுடையது. மூன்று விநாடி தாண்டியும் பந்தைக் கையிலேயே வைத்திருந்தால் குவாட்டர்பேக்தான் காரணம்.

கரோலினா பேந்தர்ஸ் 2023-இல் குவாட்டர்பேக் பிரைஸ் யங்கை முதல் தேர்வாக எடுத்தது. லைனின் நடுவை ஒட்டிய கார்டு இடங்கள் ஆட்டம் கண்டன, அவர் 62 முறை சாக் ஆனார் (பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார்), அணிக்கு 2 வெற்றி, 15 தோல்வி. அதற்கு மேல், அவரை எடுக்கும் இடத்துக்காகக் கொடுத்த 2024 முதல் சுற்றுத் தேர்வே ஒட்டுமொத்த முதல் இடமாகிச் சிகாகோவுக்குப் போய்விட்டது! 2024 மார்ச்சில்தான் ராபர்ட் ஹன்ட், டேமியன் லூயிஸ் என்ற இரு கார்டுகளை ஒப்பந்தம் செய்தார்கள். கார்டை ஃப்ரீ ஏஜென்சியில் (ஒப்பந்தம் முடிந்த வீரர்களின் சந்தையில்) பிடிக்கலாம். லைனின் இடது ஓரத்தைக் காக்கும் நல்ல லெஃப்ட் டேக்கிள் அங்கே வருவது அபூர்வம், டிராஃப்டில்தான் எடுக்க வேண்டும்.

பதில் 2: ஒப்பந்தங்களையும் பாருங்கள். ஒருவரை நீக்கினால், கணக்கில் இன்னும் ஏறாத சைனிங் போனஸ் (ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது தந்து, கணக்கில் பல ஆண்டுகளுக்குப் பிரித்த தொகை) முழுதும் அந்த ஆண்டின் சாலரி கேப்பில் (அணியின் சம்பள உச்சவரம்பில்) விழும். ஜூன் 1-க்குப் பிந்தைய நீக்கமாகக் காட்டினால் இரண்டு ஆண்டுகளுக்குப் பிரியும்.

கேள்வி கேட்டவர்: தேர்வை வேறு அணிக்குக் கொடுத்து, பதிலுக்குப் பிந்தைய தேர்வுகளை வாங்கிப் பின்னால் இறங்கலாமா?

பதில் 1: குவாட்டர்பேக் மேல் நம்பிக்கை இருந்தால் தாராளமாக. 53 பேர் கொண்ட அணியில் ஓட்டை பல இருக்கும்போது, இரண்டாம், மூன்றாம் சுற்றில் கூடுதல் தேர்வுகள்தான் கைகொடுக்கும்.