பி.கே.எம். 1 × மஞ்சள் செர்ரித் தக்காளி: ஆறு செடிகளிலும் சிவப்புப் பழம், கலப்பு நடந்ததா?

கேள்வி (மதுரை, மாடித்தோட்டம்)
வணக்கம். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 தக்காளியின் புளிப்பு இல்லாமல் எங்கள் வீட்டில் ரசம் இல்லை. அந்தப் புளிப்போடு மஞ்சள் பழம் வேண்டும் என்ற ஆசையில், சென்ற மார்கழியில் பி.கே.எம். 1 பூவொன்றின் மகரந்தப்பைகளை நீக்கிவிட்டு, மஞ்சள் செர்ரித் தக்காளியின் மகரந்தத்தைத் தடவினேன். அந்தப் பழத்தின் விதையில் வளர்ந்த ஆறு செடிகளிலும் சிவப்பாகவே காய்த்திருக்கிறது. ஐந்தில் பழம் தாயைப் போல 60 கிராம் வருகிறது. ஒன்றில் மட்டும் 30 கிராம்தான். செர்ரிப் பழத்தின் எடை 15 கிராம். என் முயற்சி தோற்றுவிட்டதா?

பதில் 1
நிறத்தைப் பார்த்து மனம் தளராதீர்கள். சதையின் மஞ்சள் நிறம் ஒடுங்கு பண்பு, அதாவது சிவப்போடு கலந்தால் வெளியே தெரியாமல் மறைந்து நிற்கும் பண்பு என்பதால், முதல் தலைமுறையில் சிவப்புதான் வரும். உங்களுக்குச் சாட்சி பழத்தின் எடை. சிறிய பழமும் பெரிய பழமும் கலந்தால், வாரிசு நட்ட நடுவில் நிற்காமல் சிறியதன் பக்கம் சாயும். 15-ஐயும் 60-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 30 வருகிறது, உங்கள் ஆறாவது செடி அந்தக் கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதுவே கலப்புச் செடி. மற்ற ஐந்தும் தாயின் சொந்த மகரந்தத்தில் விளைந்தவை. அந்த ஒற்றைச் செடியைப் பிள்ளையைப் போலக் காப்பாற்றுங்கள். அதன் விதையில் ஏறத்தாழ நான்கில் ஒரு செடி மஞ்சளாகக் காய்க்கும். ஆனால் மஞ்சளும் பெரிய பழமும் புளிப்பும் ஒரே செடியில் கூடுவது அரிது. ஆகையால் 40 செடிகளாவது வையுங்கள். பிடித்த செடியிலிருந்து ஆறேழு தலைமுறை விதை எடுத்து வந்தால்தான் குணம் நிலைக்கும்.

பதில் 2
ஐயா, பூவைத் தாமதமாகத் தொட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பூ விரியும்போதே மகரந்தப்பைகள் உட்புறமாக வெடித்துத் தன் சூல்முடியிலேயே தூளைக் கொட்டிவிடும். இதழ்கள் பச்சை கலந்த வெளிர்மஞ்சளாக, நுனி மட்டும் பிரியத் தொடங்கிய மொட்டை மாலையில் தேர்ந்தெடுங்கள். கூம்பாக ஒட்டியிருக்கும் மகரந்தப்பைகளை அடியில் மெல்லிய இடுக்கியால் கீறி உரித்தால், உள்ளே ஊசி போன்ற பச்சைச் சூல்தண்டு ஒடியாமல் நிற்கும். இடுக்கியில் மஞ்சள் தூள் ஒட்டினால் அந்தப் பூவைக் கைவிட்டுவிடுங்கள். மறுநாள் காலை, நன்றாக விரிந்த தந்தைப் பூவைக் கட்டைவிரல் நகத்தின் மேல் தட்டி, விழும் தூளில் சூல்முடியைத் தோயுங்கள். அடையாளத்துக்குப் புல்லி இதழ்களைப் பாதியாக நறுக்கிவிடுவது என் வழக்கம். பழம் பழுக்கும்வரை அந்த வெட்டு மறையாது.

பதில் 3
உருளைக்கிழங்கு இலை போல ஓரம் வெட்டுப்படாத இலையுள்ள ரகம் கிடைத்தால், அடுத்த முறை அதைத் தாயாக வையுங்கள். அந்த இலையும் ஒடுங்கு பண்புதான். நாற்றுப் பருவத்திலேயே வெட்டுள்ள இலையோடு நிற்கும் கன்று கலப்பு என்று தெரிந்துவிடும், காய்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் மட்டும் முயலாதீர்கள். 35 டிகிரியைத் தாண்டிய நாள்களில் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிரும்.

கேள்வி கேட்டவர்
அனைவருக்கும் நன்றி. ஆறாவது செடியின் பழுத்த பழங்களை இன்று பறித்து, விதைகளைச் சாற்றோடு ஒரு குவளையில் புளிக்க வைத்திருக்கிறேன். புரட்டாசியில் 40 நாற்றும் விடுவேன். தொட்டிகளுக்கு இடம் போதாவிட்டால் தங்கை வீட்டு மாடியையும் கேட்டு வைத்திருக்கிறேன்.