ரட்லண்ட் வாட்டரில் படகிலிருந்து ட்ரவுட் பிடித்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. நான் எண்ணூர்க்காரன். முகத்துவாரத்தில் கொடுவாவுக்குத் தூண்டில் போட்டே வளர்ந்தவன். மே மாதம் இங்கிலாந்தில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். மாமா அங்குள்ள ரட்லண்ட் வாட்டர் என்ற நீர்த்தேக்கத்தில் ஒருநாள் படகு எடுக்கலாம் என்கிறார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் மாமா தூண்டிலைத் தொட்டதே இல்லை, என்னை நம்பித்தான் வருகிறார்.

அங்கே ட்ரவுட் என்ற நன்னீர் மீனுக்கு ஃப்ளை முறைதான், அதாவது பூச்சி போலக் கட்டிய செயற்கை இரையை வீசிப் பிடிப்பது. படகைக் காற்றுக்குக் குறுக்காக மிதக்கவிட்டு, வேகத்தைக் குறைக்க ட்ரோக் என்ற துணிக்குடையைத் தண்ணீருக்குள் இறக்கி, காற்று போகும் திசையில் வீச வேண்டும். இதுவரை புரிகிறது.

குழப்பமே ஆழத்தில்தான். கழிமுகத்தில் ஏற்றம், வற்றம் பார்த்தே மீன் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். நீர்த்தேக்கத்தில் அது கிடையாது. ட்ரவுட், டாஃப்னியா என்ற மிகச் சிறிய நீர் உயிரியைத் தின்ன அதன் பின்னால் போகும். வெயில் ஏறினால் டாஃப்னியா கீழே இறங்கிவிடும், மீனும் கூடவே இறங்கும். அப்போது மிதக்கும் லைனை எப்போது மாற்றுவீர்கள்? மூழ்கும் லைனில் எண்ணிக்கொண்டே இறக்குவார்களாமே, எத்தனை வரை எண்ணிப் பார்ப்பீர்கள்? மே மாதத்தில் பஸ்ஸர் ஃப்ளை (கொசு போன்ற நீர்ப்பூச்சியின் கூட்டுப்புழு மாதிரி கட்டியது) போதுமா?

அப்புறம், உட்கார்ந்தபடியே பத்து அடி ராடை வீசிப் பழக வேண்டும். காசிமேட்டுப் பக்கம் நான் பார்த்ததெல்லாம் கடல் சாமான்தான். சென்னையில் யாரிடமாவது 7 எண் (லைனின் எடையைக் குறிக்கும் எண்) ஃப்ளை ராட் இருந்தால் ஒரு ஞாயிறு காலை வீசிப் பார்க்கத் தருவீர்களா? நீலகிரியில், அவலாஞ்சி பக்கம் ட்ரவுட் பிடித்தவர்களும் சொல்லுங்கள்.