சின்ன கேம்பர் டிரெய்லரைச் சமமாக நிறுத்த எது வாங்கலாம்?

வணக்கம். குமுளியில் இருக்கிறேன். காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளே படுத்துக்கொள்கிற ஒற்றை அச்சு கேம்பர் டிரெய்லர், 13 அங்குலச் சக்கரம். வண்டிப்பெரியார், வாகமண் பக்கம் சமதரை கிடைப்பதே அபூர்வம். மழை பெய்தால் சேறு வேறு.

முன்பின் சாய்வை முன்சக்கர ஜாக்கியைச் சுற்றியே சரிசெய்துவிடலாம். பக்கவாட்டுச் சாய்வுதான் தொல்லை. சக்கரங்களுக்கு இடையே 150 செ.மீ.; 3 டிகிரி சாய்ந்தாலே ஒரு பக்கத்தை 8 செ.மீ. உயர்த்த வேண்டும். மூலை ஜாக்கிகள் ஆட்டத்தை நிறுத்தத்தான், வண்டியைத் தூக்க அல்ல.

தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் அடியில் வைக்க அடுக்குகிற பிளாஸ்டிக் கட்டைகளா, சக்கரத்தை ஏற்றி நிறுத்தும் வளைந்த ரேம்ப்பா, காற்றடிக்கும் பையா? ரேம்ப்பில் வேண்டிய உயரத்தில் நிறுத்தலாம் என்பதால் மனசு அந்தப் பக்கம். ஆனால் சின்னச் சக்கரத்துக்கு அந்த வளைவு பொருந்துமா? சேற்றில் வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் பாய் போதுமா? பை கூர்க்கல்லைத் தாங்குமா?

மரக்கட்டையே போதும் என்கிறார் மாமா. அவர் டிரெய்லரில் படுப்பதில்லை! பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.