மறு: டிராக்டர் சக்கர போல்ட்டின் ‘கிரேடு’: தமிழில் என்ன சொல்லலாம்?

அண்ணே, வணக்கம். மற்ற நண்பர்களுக்கும் வணக்கம். போல்ட் எவ்வளவு வலுவானது என்று காட்டும் ‘கிரேடு’ என்ற சொல்லுக்கு நம் சொற்பட்டியலில் என்ன தமிழ் வைக்கலாம் என்ற பேச்சில் இப்படி ஒரு யோசனை வந்தது:

> கிரேடுக்கு ‘வலிமைத் தரம்’ என்றே வைத்துவிடலாமே. யாருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். அதனால் ‘தரம்’ வேண்டாம் என்கிறேன்.

மலேசியாவில் நம் பினாங்குப் பக்கம், நிபோங் தெபால் தோட்டங்களில் செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை இழுத்த பழைய மாஸ்ஸி ஃபெர்குசன் 135 டிராக்டர் மாதிரி வண்டிகளைச் சிலர் ஆசையாக வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். 1964 முதல் 1975 வரை வந்த வண்டி, அங்குலக் கணக்கில் செய்தது. பட்டர்வொர்த்தில் ஹார்ட்வேர் கடைக்குப் போனால் கேட்டதும் எடுத்துப் போடுவது மில்லிமீட்டர் போல்ட். அரை அங்குல போல்ட் 12.7 மில்லிமீட்டர், எம்12 போல்ட் 12 மில்லிமீட்டர். பார்வைக்கு ஒன்று போல இருக்கும், புரி சேராது. அளவை நட்டு மாட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். வலிமையை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது, தலையில் உள்ள குறியைத்தான் படிக்க வேண்டும்.

எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் முறையில் வந்த அங்குல போல்ட்டின் தலையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால், துருவுக்கு அடியில் விளிம்பை ஒட்டிச் சின்னக் கோடுகள் தெரியும். மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு இருந்தால் கிரேடு 8. சாதாரண கிரேடு 2-க்குக் கோடே கிடையாது. மில்லிமீட்டர் போல்ட்டில் கோட்டுக்குப் பதில் 8.8, 10.9, 12.9 என்று எண் இருக்கும். 8.8 என்றால், முதல் எட்டை நூறால் பெருக்கினால் 800 மெகா பாஸ்கல் (பரப்புக்கு இவ்வளவு விசை என்று சொல்லும் அலகு), அதுதான் இழுவலிமை, அதாவது இழுத்தால் அறுவதற்கு முன் போல்ட் தாங்கும் அளவு. புள்ளிக்குப் பின்னால் வரும் எட்டு, அதில் 80 சதவீதம், அதாவது 640-ஐத் தாண்டினால் போல்ட் நீண்டுவிடும், பழைய நீளத்துக்குத் திரும்பாது என்று சொல்கிறது.

இப்போது இரண்டையும் ‘தரம்’ என்று எழுதிப் பாருங்கள். தரம் 8, தரம் 8.8. பட்டறைப் பையன் இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கத்தான் செய்வான். கிரேடு 8-இன் இழுவலிமை 1,50,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), ஏறக்குறைய 1,030 மெகா பாஸ்கல். அதற்கு நிகரானது 10.9. 8.8-க்கு நிகரானது கிரேடு 5. சீட்டில் ‘தரம் 8’ என்று எழுதி அனுப்பி 8.8 வந்து சேர்ந்தால், கேட்டதைவிடக் கால் பங்கு அளவுக்கு வலிமை குறைந்த போல்ட் சக்கரத்தில் ஏறிவிடும்.

இன்னொன்று, தரம் என்றதும் நம் காதில் நல்லது கெட்டது என்றுதான் விழும். அப்புறம் ‘உயர்ந்த தரமே இருக்கட்டும்’ என்று 12.9-ஐ வாங்கிப் போடுவார்கள். சக்கரத்துக்கு அது தேவையில்லை. அந்த அளவு கடினமான எஃகுக்கு மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே போனால், இறுக்கிச் சில மணி நேரம் கழித்துக்கூட முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். வண்டியோடு வந்த போல்ட் எந்த வலிமையோ, அதற்கு நிகரானதைப் போடுவதுதான் சரி.

என் யோசனை இதுதான்: அங்குல போல்ட்டுக்குத் தலைக்கோடு, மில்லிமீட்டர் போல்ட்டுக்கு வலு எண். ‘ஆறு கோட்டு போல்ட் நாலு’, ‘வலு எண் 10.9, எட்டு’ என்று கடையில் கேட்கலாம். தலையில் கண் பார்ப்பதையே வாய் சொல்கிறது, குழப்பம் வர வழியில்லை. ‘வலிமை வகுப்பு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அகராதிக்குச் சரி, பட்டறையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதோடு பிடிவிசை என்ற சொல்லையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வலிமையான போல்ட்டைப் போட்டுவிட்டால் போதும், சக்கரம் கழலாது என்ற நினைப்பு நம்மிடம் ஆழமாக இருக்கிறது. போல்ட்டை இறுக்கும்போது அது ஸ்பிரிங் போல லேசாக நீண்டு, சக்கரத் தகட்டையும் ஹப்பையும் (சக்கரம் மாட்டும் அச்சு முனை) சேர்த்து அழுத்துகிறது. அந்த அழுத்தம்தான் பிடிவிசை. அதனால் வரும் உராய்வுதான் சக்கரத்தைப் பிடித்து வைக்கிறது. பிடி தளர்ந்தால் தகடு அசையும், போல்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நிமிரும், ஆறு கோடு இருந்தாலும் ஒருநாள் முறியும். புதுப்பிக்கிறவர்கள் தகடும் ஹப்பும் சேரும் முகத்தில் பளபளவென்று தடிமனாகப் பெயின்ட் அடிக்கிறார்கள். வண்டி ஓட ஓட அந்தப் பெயின்ட் நசுங்கும், நசுங்கிய அளவுக்குப் பிடிவிசை போய்விடும். அந்த முகத்தைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கொஞ்ச நேரம் ஓட்டியபின் டார்க் ஸ்பேனர் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து மறுபடி இறுக்கிப் பார்க்கவும் வேண்டும்.

நட்டு விஷயம் பாக்கி. மில்லிமீட்டர் நட்டில் புள்ளி கிடையாது, 8 அல்லது 10 என்று ஒரே ஒரு எண்தான். 8.8 போல்ட்டுக்கு 8 நட்டு, 10.9-க்கு 10. வலுக் குறைந்த நட்டைப் போட்டால் போல்ட் தாங்கும், நட்டின் புரி உரிந்துவிடும். இதையும் ‘வலு எண்’ என்றே சொல்லலாம் என்பது என் எண்ணம், ஜோடி சேர்க்க வசதி. ‘நட்டெண்’ என்று தனியாக வைக்கலாம் என்று நினைப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.